கப்பல் காசும் இரண்டு முட்டியும்

பெரியப்பாவின் கப்பல் காசை நான் நல்ல விலைக்குத்தான் விற்றேன். இந்த ஊரில் அதைவிட நல்ல விலைக்கு எவனும் விற்றிருக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைக் கேட்டுவிட்டு, ஏமாந்துபோனவன் புலம்புகிறான் என்று யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். நான் ஏமாறவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

எனக்குத் தொழில் தராசு ரிப்பேர். முப்பத்தோரு வருஷம். மளிகைக் கடைத் தராசு, நகைக் கடைத் தராசு, பிறந்த குழந்தையைப் படுக்கவைத்து நிறுக்கும் ஆஸ்பத்திரித் தராசு, எல்லாம் என் கை பட்டவை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். நான் விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் வைத்திருப்பேன். எந்த மேஜையைப் பார்த்தாலும் அதை எடுத்து வைத்து, கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் என்னால் உட்கார முடியாது. மண்டிக்காரர்கள் எத்தனையோ பேர், "அண்ணே, முள்ளைக் கொஞ்சம் நம்ம பக்கம் சாய்ச்சு விடுங்க, கூலி கூடப் போட்டுத் தரேன்" என்று கேட்டதுண்டு. எவனுக்கும் செய்ததில்லை. கேட்டவனின் தராசைப் பிரித்தது பிரித்தபடியே திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பெரியப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். கூட்ட நேரத்தில் செல்லாத காசையும் வெளிநாட்டுக் காசையும், சில சமயம் சட்டைப் பொத்தானையும்கூடக் கண்டக்டர் கையில் திணித்துவிட்டு இறங்கிப்போகிற புண்ணியவான்கள் எங்கேயும் உண்டு. பெரியப்பா அவற்றுக்கு ஈடாகத் தன் காசைப் பையில் போட்டுவிட்டு, அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் போன பிறகு டப்பா எனக்கும் அக்காவுக்கும் வந்தது.

அக்கா இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. எங்கள் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கடையிலிருந்து வந்ததும் அக்கா கீழ்ப்படியில் தெருவைப் பார்த்து உட்காருவாள். கையைப் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறுவாள். ஐம்பத்திரண்டு படி. யாராவது எதிரே இறங்கி வந்தால், "நீங்க போங்க, நான் ரிவர்ஸ்ல வரேன்" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

"ரெண்டு முட்டியையும் மாத்தணும்" என்றார் டாக்டர். "ஒண்ணு மட்டும் மாத்தினா இன்னொண்ணு சீக்கிரம் போயிடும். இருபதாம் தேதிக்குள்ள பணம் கட்டுங்க, இந்த மாசமே செஞ்சுடலாம். விட்டா அடுத்த வருஷம்தான் இடம் கிடைக்கும்."

ஒரு முட்டிக்கு எவ்வளவு என்று சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லா விலையும் முட்டிக் கணக்குதான்.

தபால் நிலையத்துச் சுவரோரம் கறுப்புக் குடைக்கு அடியில் பழைய காசு வாங்கி விற்கிறவர் ஒருவர் இருக்கிறார். குடைக்காரர் என்பார்கள். டப்பாவை அவர் முன்னால் கொட்டினேன். பொத்தான்களைப் பொறுக்கி என்னிடமே கொடுத்தார். முக்கால்வாசிக் காசுகளை ஒதுக்கித் தள்ளினார். ஒரே ஒரு வெள்ளிக் காசை மட்டும் எடுத்து லென்ஸை வைத்தவர், வெகுநேரம் தலை நிமிரவில்லை.

"இந்தக் கப்பல்ல பாய் எந்தப் பக்கம் புடைச்சிருக்கு?" என்றார்.

"வலது பக்கம்."

"கொடி எந்தப் பக்கம் பறக்குது?"

"இடது பக்கம்."

"ஒரே கப்பலுக்கு ரெண்டு காத்து. படம் வரைஞ்சவன் கப்பலையே பார்த்ததில்ல போல. மூணு மாசம் கழிச்சு யாரோ மாலுமி பார்த்துச் சிரிச்சிருக்கான். உடனே எல்லாத்தையும் திரும்ப வாங்கி உருக்கிட்டாங்க. தப்பிச்சது கொஞ்சம்தான்."

அவர் சொன்ன விலை சரியாக ஒரு முட்டிக்கு வந்தது. மறைக்காமல் இன்னொன்றும் சொன்னார்.

"பழங்காசு மன்றத்துச் சான்றிதழ் இருந்தா மூணு மடங்கு போகும். ஆனா சான்றிதழோட வெளியில வந்தவங்களை நான் பார்த்ததில்ல."

வீட்டுக்கு வந்து சொன்னதும், "குடுத்துடுடா" என்றாள் அக்கா. "ஒரு முட்டி நல்லா இருந்தா போதும். இன்னொண்ணு கூடவே வந்துட்டுப் போகுது."

நான் கேட்கவில்லை. மூன்று மடங்கு என்ற சொல் காதில் விழுந்த பிறகு ஒரு முட்டி எனக்குப் பிச்சையாகத் தெரிந்தது.

பழங்காசு ஆய்வு மன்றத்தின் வாசலில் ஒரு பலகை. மன்றத்தின் பெயர் ஒரு வரி, தலைவரின் பட்டங்கள் ஐந்து வரி. வரவேற்பில் இரண்டு சீட்டு கொடுத்தார்கள். ஒன்றில் 'விருந்தினர்' என்றும் இன்னொன்றில் 'உடன் வந்தவர்' என்றும் இருந்தது. விருந்தினர் சீட்டைக் காசின் மேல் வைத்தார்கள். வெல்வெட் மெத்தை போட்ட நாற்காலி ஒன்று வந்தது. நான் உட்காரப் போனேன்.

"அது காசுக்கு" என்றார் ஊழியர். "நீங்க நிக்கணும்."

பெரியப்பாவின் காசு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது. நாற்பது வருஷம் பஸ்ஸில் நின்றபடியே வேலை பார்த்தவரின் காசு, உட்காரட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

முதலில் பூர்வீகப் பிரிவு. அங்கிருந்த அம்மையார் காசைப் பார்க்கவே இல்லை, படிவத்தைத்தான் பார்த்தார்.

"இது உங்க பெரியப்பாவுக்கு எப்படி வந்துது?"

"பஸ்ல யாரோ டிக்கெட்டுக்குக் குடுத்தது மேடம்."

"அந்த யாரோகிட்ட இருந்து ஒரு கடிதம் வேணும்."

"நாப்பது வருஷம் ஆகியிருக்கும் மேடம். யாருன்னே தெரியாது."

"சரி, எந்த ஸ்டாப்ல ஏறினார்?"

"தெரியாது."

"இறங்கினது?"

"அதுவும் தெரியாது."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இறங்கினாரான்னே உங்களுக்குத் தெரியாது. இறங்கலேன்னா பயணம் இன்னும் முடியல. பயணம் முடியலேன்னா டிக்கெட் காசு இன்னும் அவருடையதுதான். நாங்க எப்படி ஒத்துக்கிறது?"

கடைசியில் அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். மேற்படிப் பயணி எப்போது வந்து கேட்டாலும் அவரை அவர் இறங்க வேண்டிய இடத்தில் என் சொந்தச் செலவில் கொண்டுபோய் விடுகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என்னைப் பாராட்டினார்.

அடுத்து உலோகப் பிரிவு. அங்கிருந்தவர் எஃகு ஊசியை எடுத்து, கப்பலின் பாய்க்குக் கீழே சரக்கென்று ஒரு கோடு இழுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். 'சுத்த வெள்ளி' என்று எழுதினார். பக்கத்து மேஜை தரப் பிரிவு. அங்கிருந்தவர் லென்ஸை வைத்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"கீறல் இருக்கே. ரெண்டு தரம் குறையுது."

"இப்பதான் சார், பக்கத்து மேஜையில கீறினாங்க. நீங்களும் பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க."

"பார்த்தேன். கீறாம வெள்ளின்னு அவருக்கு எப்படித் தெரியும்? கீறின பிறகு நல்ல காசுன்னு நான் எப்படி எழுதறது? அவர் வேலையை அவர் ஒழுங்கா செய்யறார், என் வேலையை நான் ஒழுங்கா செய்யறேன். இந்த மன்றத்தோட பெருமையே அதுதான்."

அந்தப் பெருமையில் அரை முட்டி போயிற்று. இன்னும் இரண்டரை இருக்கிறது, போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக எடை மண்டபம். நடுவில் கனமான கல் மேஜை. அதன்மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் இரட்டைத் தட்டுத் தராசு. தராசைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. அவ்வளவு நல்ல வேலைப்பாடு. எவன் செய்தானோ, அவன் கையில் கண்ணை ஒற்றிக்கொள்ளலாம். அப்புறம்தான் மேஜையின் கால்களைப் பார்த்தேன். மூன்று கால்கள் தரையில் நின்றன. நாலாவது கால், தரையில் பதித்த தடித்த பித்தளைத் தகட்டின் மேல் நின்றது. 'நிறுவனர் நினைவாக, வெள்ளி விழா' என்று அதில் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தால் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தியது. நிறுவனரின் பெயர் மேலேயே மேஜைக் கால் மிதித்துக்கொண்டு நின்றது. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தேன். குமிழி ஒரு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

மன்றத் தலைவர் வந்தார். பின்னால் செயலர், அவர் பின்னால் ஆறு பேர். தலைவர் காசைப் பார்த்துக் கும்பிட்டார், என்னைப் பார்க்கவில்லை.

"எடை என்பது வெறும் எண் அல்ல, அது ஒரு தவம்" என்று ஆரம்பித்தார். "மனிதர்கள் பொய் சொல்வார்கள். தராசு சொல்லாது. ஆகவே, மனிதர்களை நம்பாமல் இருப்பதே இம்மன்றத்தின் கொள்கை."

மணி அடித்தது. மண்டபத்தில் காற்று அடங்குவதற்காக எல்லோரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமாம். நின்றோம். பிறகு கையுறை போட்ட ஒருவர் காசை ஒரு தட்டில் வைத்து, எதிர்த் தட்டில் எடைகளை ஏற்றி இறக்கி, முள் நடுக்கோட்டுக்கு வந்ததும் அறிவித்தார்.

"பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டியது. பதினொன்று புள்ளி எட்டு. எடைக்குறை."

"ஐயா, மேஜை சாய்ஞ்சிருக்கு" என்றேன். "பெட்டி சாய்ஞ்சா நடுக்கோடும் கூடவே சாயும். முள் நேராத்தான் தொங்கும். எதை நிறுத்தாலும் குறைச்சலாத்தான் காட்டும். அந்தக் காலை மட்டும் தகட்டுல இருந்து நகர்த்தினா போதும்."

"தராசு எங்களுடையது" என்றார் செயலர். "காசு உங்களுடையது. ரெண்டுல எதுல கோளாறு இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

எடைக்குறைப் பட்டியலில் காசைச் சேர்த்தார்கள். போட்டோ எடுத்து, ஊரில் காசு வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்களாம். வாங்கினால் அவர்கள் உரிமம் போய்விடும். மன்றமே வேண்டுமானால் வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்றார் செயலர். அவர் சொன்ன தொகைக்கு அக்காவின் முட்டியில் கட்டும் துணிப்பட்டை ஒன்று வாங்கலாம். ஒரு காலுக்கு.

"இப்படி வாங்கறதையெல்லாம் என்ன செய்வீங்க?"

"வருஷா வருஷம் எங்க உறுப்பினர்களுக்கு ஏலம் விடுவோம். நல்ல விலைக்குப் போகும்."

"எடைக்குறைக் காசா?"

"ஏலத்துக்கு வேற தராசு" என்றார், ஒளிவுமறைவே இல்லாமல்.

குடைக்காரரிடம் ஓடினேன். குடைக்கம்பியில் அதற்குள் படம் தொங்கியது. திருடன் போட்டோ மாதிரி, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.

"நான் என்ன பண்ணட்டும்" என்றார். "அன்னைக்கே குடுத்திருக்கலாம்."

வீட்டுக்கு வந்தபோது அக்கா இருபதாவது படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"விடுடா" என்றாள். "படி எங்க ஓடிப்போகப் போகுது."

என் பேராசையால் ஒரு முட்டி போயிற்று. அவள் கையை ஊன்றி அடுத்த படிக்கு உடம்பைத் தூக்கினாள், உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருந்தன. எனக்கு என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அந்த மன்றத்தைக் கல்லோடு கல்லாகப் பெயர்க்கலாம் போலவும் இருந்தது.

மறுஎடைக்கு மனுப் போட வழி இருந்தது. கட்டணத்துக்கு என் சைக்கிள் போயிற்று. பதினெட்டாம் தேதி கூப்பிட்டார்கள். அதே மண்டபம், அதே தவம், அதே மணி. எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. ஒரே எட்டில் மேஜைக்குப் போய், பெட்டியை மட்டம் பண்ணுவதற்கென்றே இருக்கும் முன்கால் திருகை மூன்று சுற்றுச் சுற்றினேன். பெட்டியின்மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது. நிமிஷம் முடிவதற்குள் என் இடத்துக்கு வந்து, பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டேன்.

கையுறைக்காரர் எடை வைத்தார். இன்னும் வைத்தார். அவர் முகம் வெளுத்தது.

"பன்னிரண்டு" என்றார், துக்கச் செய்தி சொல்கிற குரலில்.

"பெட்டியை மட்டம் பண்ணினேன்" என்றேன். "அவ்வளவுதான். காசு நல்ல காசு. சான்றிதழைக் குடுங்க."

யாரும் சந்தோஷப்படவில்லை. தலைவர் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, செயலரையும் என்னையும் மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தத் தராசு ஒரு நாள்கூட மாறிப் பேசினதில்ல" என்றார். "இன்னைக்கு நீங்க வந்து கெடுத்துட்டீங்க."

"சரி பண்ணினேன் ஐயா."

"எது சரி? பதினோராயிரம் காசை எடைக்குறைன்னு எழுதியிருக்கோம். நீங்க ஒரே ஒரு காசைச் சரியான எடைன்னு சொல்றீங்க. எது மெஜாரிட்டி?"

நான் வாயைத் திறந்தேன். அவர் நிறுத்தவில்லை.

"இந்த மண்டபம் எப்படி வந்துது? அந்தப் பதினோராயிரத்துல வந்தது. காசு உக்காரற வெல்வெட் நாற்காலி? அதுலதான். என் காரு? அதுலதான். ஊர்ல இத்தனை பேர் எங்களை நம்பறாங்க. தராசு தப்புன்னு சொல்லி அவங்க நம்பிக்கையை உடைக்கச் சொல்றீங்களா? உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"நான் வெளியில சொல்லுவேன்."

"தாராளமா. புகார்க் குழு இதே மாடியில, இடது பக்கம். அதுக்கும் தலைவர் நான்தான். இப்ப வேணும்னாலும் போய் உக்காரறேன்."

அதற்குள் செயலர் திருகைத் தானே பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்து எதையோ சுற்றியிருந்தார். முள் ஒரே சாய்வாகச் சாய்ந்து பெட்டிச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவர்கள் இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"பழையபடி வெச்சுக் குடுங்க" என்றார் தலைவர், முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து. "கூலி எவ்வளவுன்னாலும் சொல்லுங்க. காசும் எங்ககிட்டயே இருக்கட்டும். வேற எங்கயாவது போய் எடையைச் சொல்லிடும்."

மண்டிக்காரர்கள் அத்தனை பேரும் என் கண் முன்னால் வந்தார்கள். நான் பிரித்தபடி திருப்பிக் கொடுத்த தராசுகளும் வந்தன. இருபதாம் தேதிக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"ரெண்டு முட்டி" என்றேன்.

தலைவர் சட்டென்று பின்வாங்கித் தன் முட்டிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. பேரம் பேசவில்லை. செயலர் பாரம்பரியப் பாதுகாப்பு நிதியிலிருந்து பணம் எடுத்து, மன்றத்து முத்திரை போட்ட பெரிய உறையில் வைத்து, 'தராசைப் பழுதுபார்த்த கூலி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வேலையைச் செய்தேன். செயலர் கெடுத்ததை முதலில் சரி செய்தேன், பிறகு சரியானதைக் கெடுத்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். பெரியப்பாவின் காசைத் தட்டில் வைத்துப் பார்த்தார்கள். பதினொன்று புள்ளி எட்டு, மயிரிழைகூடப் பிசகவில்லை.

"என்ன துல்லியம்" என்று செயலர் என் தோளைத் தட்டினார்.

அக்கா இப்போது படியைப் பார்த்தபடி நேராக ஏறுகிறாள். ஐம்பத்திரண்டு படியும் ஏறி முடித்து, திரும்பி நின்று கீழே பார்த்துச் சிரிக்கிறாள். காசை வித்துட்டேன், நல்ல விலை கிடைச்சுது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. அன்று மன்றத்து வாசலில் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை.

பணத்தோடு நான் வெளியே வந்தபோது, படிக்கட்டில் ஒரு அம்மா நின்றிருந்தார். என் அக்கா வயசு இருக்கும். கைக்குட்டையில் எதையோ முடிந்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"தம்பி, பழைய காசு பார்க்கிற இடம் இதுதானே? என் வீட்டுக்காரர் வெச்சுட்டுப் போனது. இதை நம்பித்தான் வீட்டைக் காலி பண்ணாம இருக்கோம்."

"உள்ள போகாதீங்கம்மா" என்றேன். "தபாலாபீஸ் சுவரோரம் ஒருத்தர் குடை போட்டு உக்காந்திருப்பார். அவர்கிட்ட குடுங்க. அவர் சொல்ற விலைதான் நியாயமான விலை."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையிலிருந்த உறையைப் பார்த்தார். மன்றத்து முத்திரையைப் பார்த்தார். உறையின் தடிமனையும் பார்த்தார்.

"நீங்க மட்டும் இங்க நல்லா வாங்கிக்குவீங்க, நான் ரோட்டுக்கடைக்குப் போகணுமா?" என்று சொல்லிவிட்டு, என்னை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தராசு தப்பு என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார். அப்படியே நின்றேன். அவருடைய காசுக்கு நாற்காலி போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், வேறு யாருடைய காசுக்கோ, எடை மண்டபத்தில் மணி அடித்தது. வாசலில் நின்றபடியே நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.